பெட்டியும் தூக்குபவரும்

விருத்தாசலத்தில் மின்கம்பங்களுக்கான பீங்கான் தயாரிக்கும் தொழிற்கூடத்தின் உரிமையாளன் நான், அறிவியல் பட்டதாரி. இரண்டாயிரத்து ஐந்தில் டெல்லிப் பொருட்காட்சி முடிந்து, இடிமழைக்கு நடுவே சென்னையில் விமானத்திலிருந்து இறங்கினேன். ஊருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். மாதிரிப் பீங்கான் பெட்டியோ வரவில்லை.

“மின்னல் நிக்கற வரைக்கும் விமானத்துகிட்ட ஆளுங்க போவக் கூடாதுங்கய்யா,” என்றார் விமான நிலைய ஊழியர்.

“பெட்டி நிறையப் பீங்கான். மின்சாரம் அதைத் தொடாது,” என்று விளக்கினேன்.

“பெட்டிய தொடாதுங்கய்யா. தூக்கறவன தொட்டுடுமே.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர். புகார்ப் புத்தகம் கேட்டேன், பணிவோடு நீட்டினார். பேனாவைத் திறந்தபோதுதான் என் தொழிற்கூடம் நினைவுக்கு வந்தது. இடி இடித்தால், முற்றத்தில் காயும், இன்னும் சுடாத களிமண் சரக்கை அள்ளிவர ஆட்களை விரட்டிவிட்டு, நான் வாசலுக்குள் நிற்பேன்.

பெயரையும் பட்டத்தையும் எழுதி, ‘ஊழியர் கூறியது சரி’ என்று கையொப்பமிட்டேன். ரயில் போய்விட்டது.

அந்த ஐப்பசியில் ஒரு முற்றச் சரக்கு முழுவதும் இடிமழையில் கரைந்தது. ஆட்கள் என்னோடு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.