வேலி தாண்டிய தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் அமெரிக்காவில், டெக்சஸின் பிளானோ நகரில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் தாயார் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவிலிருந்து வந்து குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்தார். பியூப்ளோ பழங்குடியைச் சேர்ந்தவர், பானை செய்பவர். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வளையம் வளையமாக அடுக்கிக் கையாலேயே எழுப்புவார். குளிர்காலமெல்லாம் செய்தவற்றைச் சுட்டு எடுத்து, அடுத்த வாரம் தன் ஊர்ச் சந்தையில் விற்றாக வேண்டும். அவருடைய அந்த வருஷ ஜீவனமே அதுதான்.

அவர் மகள் வீட்டுப் பின்தோட்டத்தில் தரையிலேயே சூளை மூட்டிய சனிக்கிழமை, என் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள். காற்று திரும்பியது. வறட்டிப் புகை எங்கள் கூடம்வரை வந்தது.

"ஐயோ, சுடுகாட்டு வாடை அடிக்குதுங்க," என்றாள் மனைவி. "அவங்க ஹைவேலேர்ந்து எக்ஸிட் எடுத்துட்டாங்களாம், இதோ வந்துடுவாங்க. போய்ச் சொல்லுங்களேன்!"

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஸ்மோக்," என்றாள் மகள்.

வேலியோரம் போய் அணைக்கச் சொன்னேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "இப்போ தொட்டா எல்லாம் போயிடும். கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க, ப்ளீஸ்," என்று ஆங்கிலத்தில் கெஞ்சிவிட்டு, இன்னும் வறட்டி எடுக்க கராஜுக்குள் போனார்.

நான் எஞ்சினியர். பழுக்கக் காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவன் அல்ல. தெரிந்தேதான் தோட்டத்துக் குழாயை எடுத்து வேலிக்கு மேலாகப் பீய்ச்சினேன்.

"அப்பா, ஸ்டாப்!" என்று மகள் பின்னால் ஓடிவந்தாள்.

அதற்குள் பானைகள் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கிவிட்டன. ஓடிவந்த அந்த அம்மாளிடம், பொறி பறந்து வேலி பற்றப் பார்த்தது என்றேன். மரவேலியில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. அவர் அதைப் பார்க்கவில்லை. நனைந்த சாம்பலுக்கு முன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா காரிலிருந்து இறங்கும்போதே காற்றை முகர்ந்து பார்த்தார். "என்ன சார், பக்கத்துல பார்பிக்யூவா? நமக்கு ஒரு பிளேட் வருமா?"

"வீக்கெண்ட்னா இங்க இதான் சார்," என்று நானும் சிரித்தேன். மகள் காபித் தட்டோடு வந்தாள். என் டம்ளரை மட்டும் என்னைப் பாராமல் நீட்டினாள். சம்பந்தம் நிச்சயமாயிற்று.

மறுநாள் காலை அந்த அம்மாள் எங்கள் வாசலில் நின்றார். கையில், தப்பிய ஒரே பானை.

"என்னால உங்க வீடே எரிஞ்சிருக்கும். மன்னிச்சுக்குங்க," என்று அதை நீட்டினார்.

மகள் என் பின்னால் நின்றிருந்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பானையையாவது அவர் விற்றிருப்பார். நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். "பரவாயில்லை, இனிமே ஜாக்கிரதையா இருங்க," என்றேன்.