குடிக்காதவரின் கல்லீரல்

என் கணவர் குடிக்கிறாரா, இல்லையா? கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சந்தேகத்தைக் கிளப்பியவர் பொன்னேரி டாக்டர். ஏரியில் இறால் வலை இழுத்துவிட்டு வந்தாலே இவர் அசந்து படுத்துவிடுகிறார், நன்றாகச் சாப்பிட்டும் தெம்பில்லை என்று கூட்டிப் போயிருந்தேன். டாக்டர் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்.

"கல்லீரல் பெருத்திருக்கு. எவ்வளவு குடிப்பே?"

"தொட்டதே இல்ல சார்."

"வர்ற எல்லாரும் அதான் சொல்றாங்க" என்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். அப்போதுதான் பரோட்டா விஷயம் வெளியே வந்தது. இறால் எடுக்கும் ஏஜெண்டு, எடை போட்டதும் ஆட்களுக்குச் சாராயம் வாங்கித் தருவார். யாரும் வேறு ஆளிடம் போய்விடக் கூடாதே. குடிக்காத இவருக்கு அதற்கு ஈடாக வனஸ்பதியில் தோய்ந்த பரோட்டாவும் அல்வாவும். வேண்டாமென்றால் வேறு ஏஜெண்டிடம் போக மனம் மாறிவிட்டான் என்று எடுத்துக்கொள்வாராம்.

கல்லீரல் செல் கொழுப்பை எரித்துத்தான் தன் சக்தியில் பெரும்பங்கை எடுக்கிறதாம். இப்படி உறையும் கொழுப்பு அளவுக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் செல்லுக்குள் அதை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவே பழுதாகி, எரியாதது உள்ளே துளித்துளியாகத் தங்குமாம். குடித்தாலும் இப்படித்தான் ஆகும், தொட்டுப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது என்றார். பள்ளியில் மைட்டோகாண்ட்ரியா படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். அது என் வீட்டுக்காரர் வயிற்றுக்குள்ளும் இருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

அத்தையிடம் சொன்னேன்.

"பரோட்டா துன்னா ஈரலு வீங்குமா? இன்னா கதை உடுறாரு உன் டாக்டரு? என் புள்ள குடிக்க மாட்டான். குடிச்சாலும் உன்கிட்ட சொல்லுவானா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அவர் வந்ததும் தண்ணீர்ச் சொம்போடு நெருங்கி நின்றேன்.

"இன்னாமே, மோந்து பாக்குறியா? இந்தா, ஊதுறேன்."

ஊதினார். வெற்றிலையும் கிராம்பும் மணத்தன. பரோட்டா தின்றவருக்குக் கிராம்பு எதற்கு?

கூட வந்திருந்த அவருடைய தோணிக் கூட்டாளி சிரித்தார். "அண்ணி, அண்ணன் பங்கையும் சேத்து நாங்கதான் ஊத்திக்கிறோம். எங்க ஈரலு நல்லாத்தான் கீது."

இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கென்று கொண்டுவந்திருந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஆறிய பரோட்டா மேல் வெள்ளையாக வனஸ்பதி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தை அழுதது. கொடுக்கவில்லை.

இனி ஏஜெண்டோடு அந்தப் பரோட்டாக் கடைக்குப் போகாதீர்கள் என்றதற்கு, "போவலன்னா நாளைக்கு நம்ம எறாலுக்கு ஐஸ் குடுக்க மாட்டான்" என்கிறார். நியாயம்தான். ஒருவேளை சாக்குதானோ?

மீனவர் வீட்டுப் பெண்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். ஏஜெண்டு முகம் கோணாமல் அந்த உபசாரத்தை மறுக்க உங்கள் வீட்டு ஆண்கள் என்ன சொல்கிறார்கள்? வாயை மோந்து பார்க்காமல் அவரை நம்ப நான் என்ன செய்யலாம்?