கோழிப்பண்ணை வாசலில் பூட்டிக்கொண்ட கார்

கார்ப் பூட்டைத் திறக்க மோகனூர் சாலையிலிருந்த அந்தக் கோழிப்பண்ணைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, பண்ணைக்காரப் பெண் தன் பழைய காரின் பக்கத்தில் கையில் கல்லோடு நின்றிருந்தாள். டயருக்குக் கிருமிநாசினி அடிக்க இறங்கியவள், பழக்கதோஷத்தில் பூட்டுக் குமிழை அழுத்திக் கதவைச் சாத்திவிட்டாள். சாவி உள்ளே. பின் சீட்டில், ஐஸ் பெட்டிக்குள், குஞ்சுகளுக்கான தடுப்பு மருந்து. உச்சி வெயில். ஐஸ் கரைந்தால் மருந்து வீண். பக்கத்துப் பண்ணையில் ஏற்கெனவே நோய் வந்து கோழிகள் செத்துக்கொண்டிருந்தன.

“கண்ணாடிய ஒடச்சுப் போடறனுங்க்கா.”

“கல்லக் கீழ போடு சாமி. அப்பறம் நான் எதுக்கு வந்திருக்கறேன்?”

எனக்கு முன்கோபம் அதிகம். பூட்டுத் திறக்க ஆளைக் கூப்பிட்டுவிட்டுக் கல்லைத் தூக்குபவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

பையைத் திறந்தேன். அதற்குள் அவள் தெளிப்பானை எடுத்து என் கருவிகள் எல்லாவற்றின் மேலும் அடித்துவிட்டாள். வெளியாள் கொண்டுவரும் எதுவும் கிருமிநாசினி அடிக்காமல் வாசலைத் தாண்டக் கூடாதாம். கார் நின்றதோ வாசலுக்கு வெளியே. வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கதவின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி, அந்த இடுக்கில் காற்றுப்பையை நுழைத்து ஊதினேன். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை போல அது உப்பி, விரல் நுழையும் அளவுக்குக் கதவை நெம்பிக் கொடுத்தது. நீளக் கம்பியை உள்ளே விட்டு, வளைந்த நுனியால் குமிழைப் பிடித்தேன். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. கம்பி முழுக்க அவள் அடித்த கிருமிநாசினி.

“ஒடச்சே போடலாமுங்க்கா. எங் குஞ்செல்லாம் போயிரும்.” அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, என் வீம்பில் இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மருந்து கெட்டால் பழி என் மேல். ஆனாலும் விட மனம் வரவில்லை.

“இன்னொருக்கா பாக்கறேன். வரலீன்னா நானே ஒடைக்கறேன்.”

தலையிலிருந்த ரப்பர் பேண்டை உருவிக் கம்பியின் நுனியில் இறுக்கிச் சுற்றினேன். அவள் மறுபடியும் தெளிப்பானைத் தூக்கினாள். நான் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டாள்.

ரப்பர் குமிழைக் கவ்வியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்தேன். டக்கென்று பூட்டு விட்டுக்கொடுத்தது. கதவைத் திறந்தேன்.

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பெட்டியைத் திறந்து, மருந்துக் குப்பி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“சில்லுன்னுதான் இருக்குதுங்க்கா.”

பெட்டியை அணைத்தபடி கொட்டகையைப் பார்த்து ஓடினாள். நான் கம்பியிலிருந்து ரப்பர் பேண்டை உருவி, மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டேன்.