முதல் மாலையை யார் போடுவது

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. 2013 நவம்பரில், கிழக்கு வட்டாரப் பள்ளிகளின் கணக்குப் போட்டியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஃபுசி எடுத்த மதிப்பெண். முதல் பரிசு. அவளுடைய அம்மா தோவாகாசே எங்கள் தீவுநாட்டுத் தலைநகர் நுகுவலோஃபாவின் துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுக்கிறாள். ஹாபாய் தீவுக்கு ஒரு டிக்கெட் என்று அவள் ஜன்னலில் குனிகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த எண் தெரியும். அவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல.

மகள் பரிசு வாங்கியதைத் தான் பார்க்கவில்லை என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை. ஒலிபெருக்கியில் ஃபுசியின் பெயர் வந்தபோது அவள் தேவாலய மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கொட்டகையில், தேங்காய்ப்பாலில் கலக்கத் தர்பூசணி சுரண்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் மகளின் கழுத்தில் மிட்டாய் மாலை விழுந்துவிட்டது. போட்டவள் வைமோவானா, தோவாகாசேயின் கணவன் கெலேபிக்கு அக்கா.

எங்களில் அப்பாவின் அக்காதான் பெரியவள். ஃபஹு என்போம். பிறந்தநாள், கல்யாணம், சாவு எதுவானாலும் முன்னால் விரித்த பாயில் அவள்தான் உட்காருவாள். சீராக வந்த பாய்களில் நல்லது அவளுக்கு, கேக்கின் மேல் அடுக்கு அவளுக்கு. அவள் ஒன்றைக் கேட்டால் தம்பி மறுத்துப் பேசுவதில்லை. அம்மா அடுப்படியில் இருப்பாள். இதில் யாருக்கும் வருத்தம் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

தோவாகாசேக்கு வருத்தம் இருந்தது. வருத்தம் என்பதே மரியாதைக்குச் சொல்வது. அது பொறாமை. வேலை முடிந்து முஆ ஊருக்கு பஸ்ஸில் திரும்பி, உடுப்பு மாற்றாமல் மகளை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது அவள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அத்தையும் ஃபுசியும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் தோவாகாசேயின் முழங்கை மட்டும் தெரிகிறது. இதற்கடியில் ஒரு பயமும் இருந்தது. வைமோவானாவுக்குப் பிள்ளை இல்லை. இந்தப் பெண்ணை எனக்குக் கொடு என்று ஒரு நாள் அவள் கேட்டுவிட்டால் கெலேபி தலையாட்டிவிடுவான்.

இந்த வருஷம் முதல் மாலை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று தோவாகாசே முடிவு செய்தாள். நியூசிலாந்திலிருந்து வந்த நல்ல மிட்டாயாக வாங்கி, பளபளக்கும் தாளில் சுற்றி, டிக்கெட் ஜன்னலிலேயே வைத்து ரிப்பனில் கட்டினாள். பக்கத்து ஜன்னல் சிட்டானி பொறுத்துப் பார்த்தான்.

"அக்கா, ஆளுங்க நிக்கறாங்க. மாலையை அப்புறம் கட்டிக்கலாம்."

"நிக்கட்டும். கப்பல் என்னைக்கு நேரத்துக்குப் போயிருக்கு?"

"நீ போட்டா என்ன, ஒன் நாத்தனார் போட்டா என்ன? மார்க்கு கூடவா போகுது?"

"மார்க்கு வேற, மாலை வேற."

"அப்ப ரெண்டு பேரும் மேடைக்கு ஓடுங்க. முந்தறவங்களுக்கும் ஒரு பரிசு வெக்கச் சொல்றேன்."

வீட்டில் கெலேபிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா போட்டதுக்கப்புறம் நீ போடேன். ரெண்டு மாலை விழுந்தா கழுத்தா நோகப்போகுது?"

"அவளுக்குக் கழுத்து நோகாது. எனக்குத்தான் நோகுது."

"நான் அக்காகிட்ட எப்படிச் சொல்வேன்?"

"நீ ஒண்ணும் சொல்லாதே. நான் முன்னாடி உக்காந்துக்கறேன். பேரு சொன்னதும் எந்திரிச்சிருவேன். அவ்வளவுதான்."

சமையல் வேலைக்குப் பெயர் கேட்டு வந்த தேவாலயப் பெண்களிடம் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டாள்.

2014 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. மண்டபம் காலையிலேயே நிறைந்துவிட்டது. ஜன்னல்களில் ஆள், வாசலில் ஆள், மாமரத்தடியில் ஆள். வைமோவானா முன்வரிசைப் பாயில் கால் மடக்கி, பாய் முழுவதையும் நிறைத்து உட்கார்ந்திருந்தாள். தோவாகாசே மாலையை வைத்துத் துணி மூடிய பிளாஸ்டிக் தொட்டியோடு நேர் பின்னால் வந்து அமர்ந்தாள்.

"வா, வா. ஒனக்குத்தான் புகை ஆகாதாமே" என்றாள் வைமோவானா, திரும்பாமல்.

"ஆமா அண்ணி. கொஞ்ச நாளாவே."

"போன நவம்பர்லருந்தா?"

பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோவாகாசே மடியில் இருந்த தொட்டியை இறுக்கிப் பிடித்தாள்.

நான்காம் வகுப்புப் பரிசுகளைக் கீழிருந்து மேலாக அறிவித்தார்கள். மூன்றாம் பரிசு நியூடோவா ஊர்ப் பெண்ணுக்கு. அந்தக் குடும்பம் ஆடிக்கொண்டே மேடைக்குப் போய், ஆடிக்கொண்டே இறங்கியது. பிறகு தலைமை ஆசிரியர் தாளைத் திருப்பினார்.

"இரண்டாம் பரிசு, ஃபுசி, முஆ."

தோவாகாசேயின் காதில் விழுந்தது இரண்டாம் என்கிற சொல்தான். பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாவதா? அப்படியானால் முதலாவது யார்? அந்த ஒரு கேள்வியில் அவள் உட்கார்ந்தே போனாள். நிமிர்ந்து பார்த்தபோது வைமோவானா, அந்த உடம்போடு, மேடைப் படியில் இடுப்பை அசைத்து ஆடிக்கொண்டிருந்தாள். கூட்டம் கை தட்டியது. இந்த வருஷமும் முதல் மாலை அத்தையுடையது. மேடையில் ஃபுசி அம்மாவைத் தேடினாள். தோவாகாசே அவளைப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியர் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் பரிசு. நூற்றுக்கு நூறு. தனியேலா, தகப்பன் பெயர் ஃபொலாவு, கொலோங்கா."

ஃபொலாவு தோவாகாசேயின் தம்பி. ஹாபாயில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவன் இந்த வருஷம்தான் குடும்பத்தோடு கொலோங்காவுக்கு வந்தான். அவன் மகன் இதே போட்டி எழுதியது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. வளர்ந்த அக்காவும் தம்பியும் எங்களில் உட்கார்ந்து கதை பேசுவதில்லை. அவன் சேனைக்கூடையை அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விடுவான். பிள்ளைகள் நலமா என்று கேட்டால் நலம் என்பான். மரியாதை அப்படி.

பின்னாலிருந்து தேவாலயத்துத் தோழி லெசியேலி அவள் முதுகில் குத்தினாள்.

"ஏய், ஒன் தம்பி புள்ளைடி. நீதானே அவனுக்கு ஃபஹு. எந்திரி."

"நான் மாலை ஒண்ணும்..."

"மடியில என்ன வெச்சிருக்கே, மீனா?"

துணியை லெசியேலியே உருவிப் போட்டாள். கூட்டம் வழி விட்டது. தோவாகாசே எழுந்தபோது எதிர்த் தூணருகே தம்பி மனைவி சியுதிதி நிற்பதைப் பார்த்தாள். அவள் கையிலும் ஒரு மாலை. மேடையை நோக்கி அடி எடுத்து வைத்தவள், தோவாகாசேயைக் கண்டதும் அப்படியே நின்றாள். மாலையைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த முகத்தை தோவாகாசேக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

தெரிந்தும் போனாள். மகளுக்காகக் கட்டிய மாலையைத் தம்பி மகன் கழுத்தில் போட்டாள். மண்டபமே எழுந்து கத்தியது. அவளுக்கு ஆட வரும் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நன்றாக இருந்தது, அந்த இடம். கைகளை விரித்து, தலையைச் சாய்த்து, கூட்டம் பாடிய பாட்டு முடிந்த பிறகும் கொஞ்சம் ஆடினாள். பிறகுதான் சியுதிதி மேலே வந்து தன் மாலையை அந்த மாலைக்கு மேல் போட்டாள்.

"நன்றி அண்ணி" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

சாப்பாடு மாமரத்தடியில். ஃபொலாவு குடும்பம் பன்றியும், சேம்பிலையில் இறைச்சி பொதிந்த லூ பொட்டலங்களும் கொண்டுவந்திருந்தது. முன்னால் விரித்த பாயில் தோவாகாசே. கேக்கின் மேல் அடுக்கு அவளுக்கு வந்தது. ஃபொலாவு தள்ளி, முதுகைப் பாதி திருப்பி உட்கார்ந்திருந்தான். சியுதிதி மூன்று பாய்களைக் கொண்டுவந்து விரித்தாள்.

"எது வேணும்னு சொல்லுங்க அண்ணி."

"நீயே பாத்துக் குடு."

"நான் பாத்துக் குடுத்தா நல்லதை எனக்கு வெச்சுக்குவேனே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சியுதிதியும் சிரித்தாள். தோவாகாசே நடுவிலிருந்த பாயைத் தொட்டுப் பார்த்தாள். துணிபோல மெல்லியது. அப்படி அவளுக்குப் பின்ன வராது.

"பையனுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"நான்தான். பாய் பின்னறப்ப பக்கத்துல உக்கார வெச்சுக்குவேன். ஒரு வரிசை முடியறதுக்குள்ள ஒரு வாய்ப்பாடு."

"நல்ல மூளை. எங்க வீட்டு மூளை."

"ஆமா அண்ணி. நூறு எடுத்தா அப்பா வீட்டு மூளை. தொண்ணூத்தஞ்சு எடுத்திருந்தா என் மூளை."

தொண்ணூற்றைந்து ஃபுசியின் மதிப்பெண். அதை யாரும் சொல்லிக்காட்டவில்லை. ஃபுசி அம்மாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். தனியேலாவின் கழுத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அது எனக்குக் கட்டின மாலைதானே?"

"ஆமா."

"அப்ப நான் கொஞ்சம் பிச்சுக்கறேன்."

பிய்த்துக்கொண்டாள். பையன் குனிந்து கழுத்தைக் காட்டினான். அது அவளுக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது.

அந்த நேரம் பார்த்து வைமோவானா தன் பாயிலிருந்து எழுந்து வந்தாள்.

"தோவாகாசே இப்ப பெரிய ஆளு. முதல் பரிசுக்காரனோட அத்தை. நான் ரெண்டாம் பரிசு அத்தைதான். பரவாயில்ல, ஒன் மகளுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிக்குடுத்திருக்கலாம்."

நாத்தனாருக்கும் பொறாமை என்று தோவாகாசேக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி வாக்கியம்தான். சூடு ஏறியது. பாயைத் தள்ளி வைத்தாள். தம்பி முகத்தைப் பார்க்காமல், மாமரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்குப் பாய் வேணாம். பையனைக் குடுங்க. பிப்ரவரியிலருந்து எங்க வீட்ல இருந்து படிக்கட்டும். நான் சொல்லிக்குடுக்கறேன்."

பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று பிறகு சிட்டானியிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. விளையாட்டோ இல்லையோ, ஃபஹு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். ஃபொலாவு தட்டைக் கீழே வைத்தான். சியுதிதி பக்கம் அவன் பார்க்கவில்லை.

"சரிக்கா."

யாரும் சாப்பிடவில்லை. சியுதிதி மூன்று பாய்களையும் ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, அவசரமில்லாமல்.

"அவனுக்குத் தேங்காய்ப்பால் நெறைய ஊத்தாதீங்க அண்ணி. வயித்துக்கு ஆகாது" என்றாள்.

வைமோவானா தோவாகாசேயின் பக்கத்தில், பாயின் ஓரத்தில், சிரமப்பட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்குப் புள்ளை இல்ல. ஒன் மகளை நான் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்ல."

வேண்டாம், சும்மா சொன்னேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். தோவாகாசே வாயைத் திறந்தாள். எதிரே நூற்றுக்கு நூறு எடுத்த பையன் இரண்டு மாலைகளோடு நின்றான். அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. முதல் பரிசும் இரண்டாம் பரிசும் ஒரே வீட்டிலிருந்து போகும். இரண்டு பிள்ளைகளில் யாருக்குக் கிடைத்தாலும், சொல்லிக்கொடுத்தவள் யார் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"சனிக்கிழமை சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றுதான் வாயில் வந்தது.

"ஞாயித்துக்கிழமை தேவாலயத்துக்கு என்கூட வரட்டும்" என்றாள் சியுதிதி.

"வரட்டும்."

கேக்கின் மேல் அடுக்கை தோவாகாசே முஆவுக்கு எடுத்து வந்தாள். ஃபுசி தொடவில்லை. கெலேபி சாப்பிட்டான். மேசை சின்னது என்று மறுநாளே ஒரு பலகை வாங்கி வந்து நீட்டிப்போட்டவனும் அவன்தான். எந்தப் பக்கம் தன்னுடையது என்று ஃபுசி சாக்குக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

பள்ளி பிப்ரவரி இரண்டாம் தேதி திறக்கிறது. தனியேலா அன்று விடியற்காலை பஸ்ஸில் கொலோங்காவிலிருந்து வருகிறான். சியுதிதி அவனோடு வரமாட்டாளாம்.