தாழிக்கு முன்னால் சுகிர்தா

போன சனிக்கிழமை என் மகள் வித்யாவையும் பக்கத்து குவார்ட்டர்ஸ் சுகிர்தாவையும் எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். இருவரும் மூன்றாம் வகுப்பு. ஆவடியில் ரயில் ஏறியதிலிருந்தே கேள்விகள்தான். மியூசியத்தில் ராஜா இருப்பாரா? பேய் இருக்குமா? கேன்டீன்?

அங்கிருந்த பழைய பீரங்கிகளை இருவரும் சட்டையே செய்யவில்லை. அப்பாக்கள் ஃபேக்டரியில் ராணுவ டாங்கி செய்கிற காலனியில் வளர்கிறவர்களுக்கு பீரங்கி ஒரு அதிசயமா? ஆனால் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்து அண்ணாந்தவர்கள், கழுத்து வலிக்கும்வரை அசையவில்லை.

சுகிர்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் முன்பு அவள் தம்பி ஜோயல் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். மூன்று வயது. ஆஸ்பத்திரியிலிருந்தே கல்லறைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தபோது சுகிர்தா எங்கள் வீட்டில் வித்யாவோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தாள். தம்பி நாகர்கோவிலில் மாமா வீட்டில் இருக்கிறான் என்று அவள் அம்மா எஸ்தர் சொல்லிவைத்திருந்தார். பிஞ்சு மனசு தாங்காதே... காலனியே சேர்ந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றியது. “தம்பி எப்பம்மா வருவான்?” என்று அவளும் அடிக்கடி கேட்பாள். லீவுக்கு வருவான் என்பார் எஸ்தர்.

மியூசியத்தில் முதுமக்கள் தாழி இருந்த பக்கம் வந்தோம். ஆள் உயரத்துக்கு மண்பானை. இது எதுக்கு என்றாள் வித்யா. நான் மழுப்புவதற்குள் அங்கே காவலுக்கு நின்றவர் சொல்லிவிட்டார்.

“செத்தவங்கள உள்ள குந்த வச்சி பொதைப்பாங்க பாப்பா. கூடவே சின்னச் சட்டில சோறு வப்பாங்க. போற வழில பசிக்கும்ல?”

வித்யா அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். சுகிர்தா நகரவில்லை. பானையையே பார்த்தபடி கேட்டாள்.

“ஆன்ட்டி, ஜோயல எதுல வச்சாங்க?”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல. அவன் செருப்பு ஊட்லயே கீது. ஊருக்குப் போறவன் செருப்பு இல்லாம போவானா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. மரப்பெட்டியில் என்றேன். வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள், அவனுடைய நீலச் சட்டையைப் போட்டிருந்தார்கள் என்றேன். உள்ளே இருட்டாக இருக்குமா என்று கேட்டாள்.

அவள் தோளை அணைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது ரயிலில் வித்யா என் மடியில் தூங்கிவிட்டாள். திருமுல்லைவாயில் தாண்டியதும் சுகிர்தா என் காதருகே வந்தாள்.

“அம்மாகிட்ட சொல்லாதீங்க ஆன்ட்டி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அழுவாங்க.”

அப்புறம் ஏன் தம்பி எப்போ வருவான் என்று கேட்கிறாய் என்றேன்.

“கேக்கலன்னா அம்மாவுக்கு சந்தேகம் வந்துடும்ல?”

எட்டு வயசு!

சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அன்று சாயங்காலமே எஸ்தரிடம் சொன்னேன். கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

“நான்தான் சாமர்த்தியமா சமாளிக்கேன்னுல்லா நெனச்சேன் அக்கா...”

வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்த மகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். முதலில் ஒரு அழுகை கேட்டது, அதோடு சேர்ந்து இன்னொன்று. ஷிஃப்ட் முடிந்து வந்த சுகிர்தாவின் அப்பா கதவைத் தட்டவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றிருந்தார்.

மறுநாள் சர்ச் முடிந்து மூன்று பேரும் கல்லறைக்குப் போனார்கள். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

உங்கள் வீட்டுக் குழந்தை உங்களுக்காக எதையெல்லாம் நம்புவதாகக் காட்டிக்கொள்கிறதோ... ஒரு தரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.