காவிச் சிங்கத்துக்கு அடியில்

இரண்டு வாரம் முன்பு ஒகேனக்கல்லில் ஒரு குரங்கு என் கையிலிருந்த சோளக்கதிரைப் பிடுங்கிக்கொண்டு போனது. பதிலுக்குப் புறங்கையில் ஒரு கீறல்.

சோப்புப் போட்டுக் கழுவினேன். பென்னாகரத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். படித்தவனாயிற்றே... செல்போனை எடுத்தேன்.

அந்தக் குரங்குகளுக்குள் ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸ் குடியிருக்கிறதாம். அவற்றுக்கு அதனால் பெரிதாக ஒன்றுமில்லை. வாயில் நாலு கொப்புளம் வரும், போகும். நமக்கும் அப்படி ஒன்று உண்டு. காய்ச்சலில் உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதுதான். இரண்டின் ஜீனோமையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஜீன்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நிற்கின்றனவாம். ஒரே மேஸ்திரி கட்டிய இரண்டு வீடு மாதிரி. ஆதியில் ஒரே குடும்பம்; பிறகு பாகம் பிரிந்திருக்கிறது.

பாகம் பிரிந்த பங்காளி தன் வீட்டில் சாது. அடுத்த வீட்டுக்குள் நுழைந்தால்? குரங்கு வைரஸ் மனிதனுக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம். தொற்றினால் மூளை வரை போகும் என்று போட்டிருந்தது. என் கண் 'மிக மிக அபூர்வ'த்தைத் தாண்டிக் குதித்து மூளையில் போய் நின்றது.

ஒரு வாரம் கழித்து அதே கையில் எரிச்சல். அடுத்து கொப்புளங்கள், கொத்துக் கொத்தாக.

மனைவி சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். "அக்கிங்க இது. எழுதிட்டு வந்தா எறங்கிரும்."

ஜீனோம் பற்றி விளக்கினேன்.

"அதையும் சேத்தே எழுதச் சொல்லலாம், வாங்க."

இண்டூரில் அக்கி எழுதும் குயவர், தோளிலிருந்து விரல் வரை காவியைக் குழைத்துப் பூசி, நடுவில் ஒரு சிங்கமும் வரைந்தார். சும்மா சொல்லக் கூடாது, குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பயம்தான் ஆறவில்லை. அங்கிருந்து நேராக டாக்டரிடம் ஓடினேன். இந்த வரிசையில் வைத்தியம் பார்ப்பவன் நம் மாவட்டத்தில் நான் ஒருவன்தானா என்ன?

குரங்கு, ஜீனோம், மூளை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிங்கம் நல்லாருக்குதுங்க சார். அதுக்கு அடியில என்ன இருக்குதுன்னு நான் எப்படிங்க பாக்கறது?"

ஈரத்துணி பட்டுச் சிங்கம் மெல்லக் கரைந்தது. முதலில் வால், பிறகு பிடரி... டாக்டரம்மா பேசவே இல்லை. டாக்டர்கள் பேசாமலிருக்கும் நேரத்துக்கு ஒரு தடுப்பூசி கண்டுபிடிக்கக் கூடாதா?

"கொரங்கு தோள்பட்டையத் தொட்டுச்சுங்களா?"

"இல்லீங்க. சட்டை போட்டிருந்தேன்."

"ஆனா கொப்புளம் அங்கிருந்துதானே வரிசையா எறங்குது? சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?"

போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைத்ததால் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வைரஸ் போகவே இல்லையாம். நரம்புக்குள் படுத்திருந்துவிட்டு இப்போது அக்கியாக எழுந்திருக்கிறது. அதுவும் ஹெர்ப்பிஸ் குடும்பம்தான். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, கொப்புளத்து நீரை டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ஜாடை ஒன்றாக இருந்தாலும் ஜீனை வாசித்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடுமாம்.

ரிசல்ட் வரும்வரை என் தலை லேசாக வலித்தாலும் அதில் குரங்கு நடமாடியது.

நேற்று வந்தது. அம்மை வைரஸ்தான்... என் சொந்த வைரஸ்.

நாற்பது வருடமாக உள்ளேயே படுத்திருந்தவனை விட்டுவிட்டு, ஒரு சோளக்கதிர் திருடியவன் மேல் கொலைக் கேஸ் போட்டிருக்கிறேன்!