நோன்பாளியின் வாய்

ஒருவருடைய கழுத்தை அளக்க வேண்டுமென்றால் அவர் முகத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். தோளைப் பின்னாலிருந்து அளக்கலாம். இடுப்பைக் குனிந்தபடியே அளந்துவிடலாம். கழுத்துக்கு மட்டும் நாடாவைப் பிடரியால் சுற்றிக் கொண்டுவந்து தொண்டைக்குழியில் சேர்த்து, ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, கடையில் உதவிக்கு நிற்கும் பெடியன் எழுதிக்கொள்வதற்காக இலக்கத்தை வாய் திறந்து சொல்ல வேண்டும். கல்முனைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த எனக்கு அந்த இலக்கத்தைச் சொல்லும் நேரம்தான் நரகம்.

என் வாய் நாறியது. இதை இப்படி ஒரு வரியாக எழுதுவதற்கே எனக்கு இவ்வளவு வயது ஆக வேண்டியிருந்திருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில், வெள்ளாமை வெட்டி முடிந்து சனங்களின் கையில் காசு புழங்கிய ஒரு காலத்தில்தான் அது எனக்குத் தெரியவந்தது. நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு போடியார் வெள்ளைச் சேட் தைக்க வந்தார். வயல் நிறைய உள்ளவர், நிதானமான மனிதர். நான் நாடாவைச் சேர்த்து இலக்கத்தைச் சொன்னதும் அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாடா இறுகிவிட்டதோ என்று தளர்த்திவிட்டு மறுபடியும் கிட்டப் போனேன். அவர் இன்னும் பின்னால் போனார். சுவரில் முதுகு முட்டிய பிறகு, "தம்பி, பழைய சேட் ஒண்டத் தந்து உடுறன். அதப் பாத்துத் தையுங்களன்" என்றார். அப்போதுதான் விளங்கியது. அன்று வரைக்கும் எத்தனை பேரை அளந்திருக்கிறேன், எத்தனை பேர் அப்படிப் பின்னால் போனார்கள் என்று நினைத்துப் பார்க்கவே கூசியது.

நாங்கள் பல் துலக்காத ஆட்கள் அல்ல. உமிக்கரியைச் சுட்டுவிரலில் தொட்டுத் தேய்த்து, கிணற்றடியில் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் காலைத் தேத்தண்ணி குடித்தோம். பிறகு கடைகளில் இளஞ்சிவப்புப் பற்பொடி வந்தது. அதையும் விரலால்தான் தேய்த்தேன். விரல் பல்லின் முகத்தைத் தடவிவிட்டு வருமே தவிர இடுக்குக்குள் போகாது. கொஞ்சக் காலத்தில் தேய்க்கும்போதெல்லாம் பல்லைச் சுற்றியுள்ள முரசுச் சதையிலிருந்து இரத்தம் கசிந்தது. நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, தேய்ப்பதால்தான் இரத்தம் வருகிறது என்று கண்டுபிடித்துத் தேய்ப்பதைக் குறைத்தேன். போதாததற்குத் தையல்காரனின் பல்லுக்கு வேறு வேலையும் இருந்தது. நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்போம். முன்பல் ஒன்றில் நூல் அறுத்து அறுத்து ஒரு வெட்டே விழுந்திருந்தது.

கராம்பு கடித்துப் பார்த்தேன். ஏலம் அடக்கிப் பார்த்தேன். மற்றவர்களைப் போல வெற்றிலை போட்டு மறைக்கலாமென்றால், வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்தால் துணிக்குச் சொந்தக்காரன் சும்மா விடுவானா? கடைசியில் வாயை மூடிக்கொள்வதே சுகம் என்று முடிவெடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் மிசினைப் பார்த்தபடி. சிடுமூஞ்சித் தையல்காரன் என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும் என்றிருந்தேன்.

வீட்டிலும் அதே கதைதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே போய்ச் சேருவான். நானும் அப்படிப் போனவன்தான். என் மனைவிக்குக் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, அவள் வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் அவளிடம் சோறு கேட்டேன். படுக்கும்போது முதுகைக் காட்டிப் படுத்தேன். கோபக்கார மனிதன் என்று நினைத்தால் நினைக்கட்டும், நாறுகிற மனிதன் என்று நினைக்காமலிருந்தால் போதும். அதுதான் என் கணக்கு.

நோன்பு மாதம் வந்தால் மட்டும் எனக்கு விடுதலை. அந்த மாதத்தில் ஊரில் எல்லார் வாயும் வறண்டு எல்லார் வாயும் வாடையடிக்கும். அதுவும் உச்சி சாய்ந்த பிறகு நோன்பாளி மிஸ்வாக் குச்சியால்கூடப் பல் துலக்காமலிருப்பதே நல்லது என்பது எங்கள் மத்ஹபின் சட்டம். அந்த வாடை அல்லாஹ்விடத்தில் கஸ்தூரியைவிட மணமானது என்று பள்ளிவாசல் பயானில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெருநாள் உடுப்புக்காகக் கடை வாசலில் சனம் நெருக்கியடிக்கும். நான் நிமிர்ந்து நின்று முகத்துக்கு முகம் கழுத்தளவு எடுத்தேன். சத்தமாக இலக்கம் சொன்னேன். சிரிக்கச் சிரிக்கப் பகிடிகூட விட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சுளிப்பதுதான் அந்த மாதத்தில் மரியாதைக் கேடு.

பெருநாள் கழிந்து பல நாளான ஒரு வியாழக்கிழமை, பள்ளிவாசல் காரியங்களை முன்னின்று பார்க்கும் ஹாஜியார் ஒருவர் அளவு கொடுக்க வந்தார். பழக்கத் தோஷத்தில் நான் முகத்துக்கு நேரேயே இலக்கத்தைச் சொல்லிவிட்டேன். அவருடைய மூக்கு அசைந்தது. பிறரை நோகடிக்கத் தெரியாத மனிதர், தானாகவே எனக்கு ஒரு வழி செய்து தந்தார்.

"என்ன தம்பி, இண்டைக்கு நோன்பா?"

"ஓம் ஹாஜியார்" என்றேன்.

காலையில் பாணும் சம்பலும் தின்றுவிட்டு வந்தவன் நான். அவர் மாஷா அல்லாஹ் சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போனார். திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பது நபி வழியான சுன்னத்து. அதைப் பிடிக்கிறவர்கள் ஊரில் ஒரு சிலர்தான் இருந்தார்கள். அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடையில் இருந்தேன். பொய் நெஞ்சை அறுத்தது. அடுத்த திங்கட்கிழமை உண்மையாகவே நோன்பு பிடித்தேன். பிறகு வியாழன். பிறகு விடவில்லை. அளவெடுப்பதென்றால் திங்களும் வியாழனும் வாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அல்லாஹ்வுக்காக நோற்கிறேன் என்ற நிய்யத்தை ஒழுங்காகத்தான் வாயால் சொன்னேன். மனதுக்குள் இருந்ததெல்லாம் சேட் கொலர்தான்.

அந்த நாட்களில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு அவள் எழும்பிச் சுடச்சுடச் சோறாக்கித் தருவாள். இனிப் பகல் முழுக்க இந்த வாயோடுதானே இருக்க வேண்டும் என்ற பயத்தில், தின்று முடித்ததும் பற்பொடியால் அழுத்தித் தேய்த்து உப்புத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கொப்பளிப்பேன். முரசு எரியும். ஆனாலும் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் என் வாய் மனித வாயாக இருக்கும். அதுவரை குந்தியிருந்து பிள்ளைகளைப் பற்றியும் கடையைப் பற்றியும் கதைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன்.

சில வருடங்கள் இப்படியே போயின. ஊர் என்னைப் பேணுதலான மனிதனாக்கிவிட்டது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய மெலிந்து போனேன். "முகத்தில ஒரு நூர் தெரியுது" என்றார்கள். நூரும் இல்லை, ஒளியும் இல்லை. எந்த நேரமும் தாகம். நோன்பில்லாத நாட்களிலும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன், குடித்ததெல்லாம் உடனே சலமாகப் போனது. ஊசி குத்திய விரல் ஆற மாதக்கணக்காகியது. முரசில் கட்டி வந்து உடைந்து சீழ் வடிந்தது. கடைவாய்ப் பல் நாக்குப் பட்டாலே ஆடியது. எல்லாம் நோன்பின் களைப்பு என்று ஊர் சொன்னது. எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, ஒரு பெண் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவளுடைய கணவன் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவன், என்னிடம் சேட் தைக்கிறவன். அவள் கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது.

"காக்கா, புள்ள திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழுகுது. நீங்க நோன்பு புடிக்கிற ஆள். ஒருக்கா ஓதி ஊதித் தாங்க."

"நான் ஓதிப் பாக்கிற லெப்பை இல்ல தங்கச்சி. பள்ளிக்குக் கொண்டு போங்க" என்றேன்.

"அங்கயும் ஊதின. சுகமில்ல காக்கா."

கடைக்குள் அளவு கொடுக்க நின்றவர்கள், "ஊதி உடுங்களன், அதில என்ன?" என்றார்கள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஊருக்கு முன்னால் எப்படி வசமாக மாட்டிக்கொண்டேன் என்று பாருங்கள். ஓதினேன். அந்த ஓதலில் மட்டும் பொய் இல்லை, இந்தப் பிள்ளைக்குச் சுகத்தைக் கொடு என்று உண்மையாகவே கேட்டேன். முதலில் போத்தலுக்குள் ஊதினேன். பிறகு பிள்ளையின் முகத்துக்குக் குனிந்து ஊதினேன்.

பிள்ளை முகத்தைத் திருப்பி இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டது. "உம்மா, நாறுது" என்றது.

தாய் அதன் முதுகில் ஓர் அடி போட்டாள். "வாயப் பொத்து! அவருக்கு நோன்பு. அது நாத்தமில்ல!"

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். நின்றவர்கள் எல்லாரும் பிள்ளையைத்தான் முறைத்துப் பார்த்தார்கள். உள்ளதைச் சொன்ன ஒரே ஆளுக்கு அங்கே அடி விழுந்தது, நாறியவனுக்கு மரியாதை நடந்தது. அதோடு முடிந்ததா? அவள் போத்தலைத் திறந்து, நான் ஊதிய தண்ணீரைப் பிள்ளையின் வாயில் வைத்து, "குடி மனே, குடி" என்றாள். விம்மி விம்மிக்கொண்டே அது குடித்தது. தடுக்க எனக்கு வாய் வரவில்லை. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல் டொக்டருக்கான வரிசையில் இருந்தேன். டொக்டர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இளம் பெண். அவரைக் கண்டதும் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். கதிரையில் இருத்தி வாயைத் திறக்கச் சொன்னார். அரைவாசி திறந்தேன்.

"நல்லாத் திறவுங்கோ. நான் விடிஞ்சாப் பொழுதுபட்டா வாய்தான் பாக்கிறன். என்னட்டை ஏன் வெக்கப்படுறியள்?"

பார்த்து முடித்துவிட்டு, தாகம் எடுக்கிறதா, மெலிந்தீர்களா, சலம் அடிக்கடி போகிறதா என்று கேட்கத் தொடங்கினார். திங்களும் வியாழனும் நோன்பு, அந்தக் களைப்புத்தான் என்றேன்; அவர் விடாமல் கேட்க எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பல்லுக் காட்ட வந்த ஆளுக்கிட்ட என்னத்துக்கு டொக்டர் சலக்கதை?"

"பல்லென்ன வேற ஆளின்ரையோ? உங்கடை உடம்பிலைதானே இருக்கு" என்றார் அவர்.

சலத்தைக் கொடுத்தேன். நீலமாயிருந்த மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். அது செங்கல் நிறத்துக்கு மாறியது. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. சீனி கூடினால் முரசு ஆறாது, முரசில் சீழ் இருந்தால் சீனி இறங்காது, இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருக்கும் என்று டொக்டர் விளக்கினார். சீனி கட்டுப்பட்ட பிறகு ஆடுகிற பற்களைக் கழற்றலாம் என்றார். ஒரு மெல்லிய பிரஷைக் கையில் தந்து, முரசோரமாக மெதுவாகத் தேய்க்கக் காட்டினார். இரத்தம் வந்தால் விட்டுவிடக் கூடாது, இரத்தம் வருகிற இடம்தான் அழுக்கு இருக்கிற இடம், படுக்கப் போகுமுன்னும் துலக்க வேண்டும் என்றார். இவ்வளவுதானா என்றிருந்தது. எழுந்து வரும்போது, "அந்தத் திங்கள், வியாழன் நோன்பை இப்போதைக்கு விடுங்கோ. மயங்கி விழுந்திடுவியள்" என்றார்.

வைத்தியம் பயமாக இல்லை. நோன்பு போனால் நாற்றத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பயமாக இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் வீட்டில் மனைவி குசினி வாசலில் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "இஞ்சருங்க, நாளைக்குச் சஹருக்கு இதப் பொரிக்கட்டா, ஆணம் காச்சட்டா?" என்று கேட்டாள்.

"இனி நோன்பில்ல" என்றேன். கதவு நிலையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். சீனி வருத்தம், முரசு, ஹாஜியாரிடம் சொன்ன பொய், பிள்ளைக்கு விழுந்த அடி. "நீ இவ்வளவு காலமும் என்ட நோன்பெண்டு நித்திரை முழிச்சாய். அது நோன்பில்ல புள்ள. நாத்தத்துக்குப் போட்ட மூடி" என்றேன்.

அவள் செதில் உரிப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கலியாணம் முடிச்ச மாசமே தெரியும். பொஞ்சாதிக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீங்க எந்த நேரமும் முகத்த அங்கால கிறுக்கி வெச்சிரிந்தா, நான் எந்தப் பக்கம் நிண்டு சொல்ற?"

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. "நாத்தத்துக்குத்தான் நோன்பெண்டு தெரிஞ்சிம் என்னத்துக்கு எழும்பி எழும்பிச் சோறாக்கின நீ?"

அவள் கையைக் கழுவினாள். மீன் சட்டியைப் பூனைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். "சஹர் முடிஞ்சி பல்லு விளக்கிட்டு வருவீங்க. மறுகா பாங்கு சொல்ற வரைக்கும் என்ட முகத்தப் பாத்துக் கதைப்பீங்க" என்றாள். "கிழமைக்கு ரெண்டு நாளைக்கு."

நான் திரும்பினேன். திரும்பும்போதே கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. பகல் வெளிச்சத்தில் அவளை நேருக்கு நேர் பார்த்து எத்தனை காலமோ தெரியாது. காதோரத்தில் அவளுக்கு முடி நரைத்திருந்தது. அது எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.